எனக்காகப் பதில் சொன்னவர்கள்

1

போன வாரம் ஸ்கேன் எடுக்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பாரிஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் புறநகரில் அது ஒன்றுதான் பெரிய மருத்துவமனை. எனக்கு முன்னால் ஓர் ஆப்பிரிக்கப் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பத்து வயது மதிக்கத்தக்க அவளுடைய மகள். நர்ஸ் வந்து தாயைப் பார்த்து ஏதோ கேட்டாள். தாய் வாயைத் திறப்பதற்குள் மகள் பதில் சொல்லிவிட்டாள். அடுத்த கேள்விக்கும் அவள்தான் பதில் சொன்னாள். தாய் மகளின் முகத்தையும் நர்ஸின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டிருப்பார்கள். வலி அவளுடையது.

வீட்டுக்கு வந்தும் அந்த முகம் மறக்கவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் அது என் முகம். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று பலமுறை யோசித்து விட்டுவிட்டேன். ஊரில் படிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயம்தான். சுளித்தால் சுளிக்கட்டும். உங்கள் வீட்டிலும் அக்கா தங்கைகள் இருப்பார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறந்து வளர்ந்தது கடலூர் மஞ்சக்குப்பம். கணவர் சேவியரின் குடும்பம் புதுச்சேரி. மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அதனால் அவர்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. கல்யாணமாகி, மகள் செலினுக்கு நாலு வயதாகும்போது இங்கே வந்தோம். சேவியருக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. எனக்குப் பள்ளிக்கூட உணவகத்தில் தட்டு கழுவும் வேலை. தட்டுகளோடு பேச மொழி தேவைப்படவில்லை.

2

2007 கடைசியில் ஆரம்பித்தது. மாதவிடாய் ஐந்து நாளில் நிற்காமல் பத்து, பன்னிரண்டு என்று இழுத்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அரசு அலுவலகத்தின் வெளியே விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையை விட்டு நகர்ந்தால் இடம் போய்விடும், மறுபடி வேறொரு நாள் வேலைக்கு லீவு சொல்ல வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போதே கால் வழியாக வெதுவெதுப்பாக ஏதோ இறங்கி பூட்ஸுக்குள் போவது தெரிந்தது. கறுப்புப் பாவாடைதான் போட்டிருந்தேன். நீளமான கோட்டும் இருந்தது. யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஜன்னலுக்குப் போனபோது அங்கிருந்த பெண் என் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் நான் லேசாகச் சிரித்திருக்கிறேனாம். சிரிக்காத போட்டோவோடு மறுபடி வரச் சொன்னாள்.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டரிடம் போவதென்றால் செலினைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? சேவியர் வருவதாகச் சொன்னார். அவருடைய ஷிப்டும் டாக்டர் கொடுத்த நேரமும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை.

டாக்டர் ஆண், வயதானவர், மரியாதையானவர். முதல் கேள்வியில் 'ரெக்ல்' என்று ஒரு சொல் வந்தது. எனக்குத் தெரிந்த சொல். மாலை வகுப்பில் படித்திருந்தேன், விதிமுறை என்று அர்த்தம். என்னிடம் எந்தக் குறையும் இருக்கக்கூடாதே என்று, எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். செலின் காதுவரை சிவந்துபோய், "மா, அது உன்னோட பீரியட்ஸக் கேக்கறாரு" என்றாள். மாதவிலக்குக்கும் அந்த மொழியில் அதே சொல்தானாம். செலின் அவரிடம் பேச, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

பிறகு ஸ்கேன் படத்தைக் காட்டி என்னவோ விளக்கினார். செலின் சுருக்கமாகச் சொன்னாள். "உள்ள கட்டி இருக்கு. கேன்சர் இல்ல. நெறைய பேருக்கு வருமாம்." அவர் மறுபடி ஒரு கேள்வி கேட்டார். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். அதில் 'குழந்தை' என்ற சொல் எனக்குப் புரிந்தது. செலின் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லை" என்றாள்.

அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார்.

ரயிலில் திரும்பும்போது கேட்டேன். "குழந்த பத்தி இன்னாமோ கேட்டாரே?"

"இன்னும் குழந்த வேணுமான்னு கேட்டாரு."

"நீ என்னக் கேக்கலியே."

"உனக்கு முப்பத்தெட்டு வயசு, மா," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குக் குழந்தை வேண்டும் என்ற ஆசை இருந்தது. 2004இல் ஒன்று நாலாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. அதற்குப் பிறகு தரிக்கவில்லை. ஆசை மட்டும் போகவில்லை. அதை என் மகளிடம் எப்படிச் சொல்லுவேன்? அவள் மூலமாக ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம்தான் எப்படிச் சொல்லுவேன்?

3

"உன் அக்கா வீட்டுல போயி முடிச்சிட்டு வந்துடு," என்றார் சேவியர். "இங்க ஆபரேஷன் பண்ணிட்டு அனுப்பிடுவாங்க. உன்ன யாரு பாத்துக்கறது? அங்க நம்ம பாஷ. மேரி அக்கா இருக்காங்க."

தப்பாக எதுவும் சொல்லவில்லை அவர். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. தமிழில் பேசும் டாக்டரிடம் தமிழில் பேசிக்கொள்ளலாம். ஜூலையில் பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் செலினைக் கூட்டிக்கொண்டு கடலூர் போனேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் அவள்தான். அவளுக்கு இரண்டு பையன்கள், இருவரும் சென்னையில். மாமா செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் வேலை முடிந்து வந்தால் சட்டையோடு ஒரு புளித்த வாசனையும் வீட்டுக்குள் வரும். செலின் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அவளுக்குத் தமிழில் நீ, நீங்க வித்தியாசம் ஓடாது. "பெரியப்பா, நீ சாப்ட்டியா?" என்பாள். மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். நல்ல மனிதர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் கரெண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கா வழக்கமாகப் போகும் டாக்டரம்மாவின் கிளினிக்கிலும் ஜெனரேட்டர் சத்தம். மாமாவும் அக்காவும் என்னோடு உள்ளே வந்தார்கள். பிரான்சில் எனக்கு எடுத்த ஸ்கேன் படங்களை மாமா மேஜைமேல் வைத்தார். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"எத்தன குழந்தைங்க?"

"ஒரே பொண்ணுங்க மேடம். பெரிய பொண்ணாயிட்டா. அது போதும்," என்றார் மாமா.

"அப்ப கர்ப்பப்பைய எடுத்துடறது நல்லது. ரத்தம் எட்டுக்குக் கீழ இருக்கு. ஏத்திட்டுப் பண்ணிடலாம். வச்சிருந்தா நாளைக்குக் கட்டி இன்னும் பெருசாவும்."

"எடுத்துடுங்க மேடம்," என்றாள் அக்கா. "எனக்கும் நீங்கதான பண்ணீங்க. பன்னண்டு வருஷம் ஆச்சு, ஒரு தொந்தரவு இல்ல."

நாலு பேரும் தமிழில்தான் பேசினோம். மூன்று பேர் என்று சொல்ல வேண்டும். தேதி குறித்தார்கள். மாமா ஷிப்ட் மாற்றி எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் என் ரத்த வகை உள்ள இரண்டு பேரிடம் சொல்லி வைத்தார். அக்கா சுவரோரம் எனக்கென்று ஒரு கட்டிலைப் போட்டு, புது விரிப்பு விரித்தாள். ஒவ்வொருவரும் எனக்காக ஒன்றைச் செய்தபோது, வாயைத் திறப்பது இன்னும் கடினமானது. இவ்வளவு பேரின் அன்புக்கு நடுவில் வேண்டாம் என்று சொல்ல நான் யார் என்று தோன்றியது.

4

ஒரு மத்தியானம் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று தினமும் கீரை.

"அக்கா, எடுக்காம வேற வழி இருக்குமாக்கா?" என்றேன்.

"இன்னா வழி?"

"கட்டிய மட்டும் எடுக்கறாங்களாம். கேள்விப்பட்டேன்."

கீரைக் காம்பை ஒடித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். "எதுக்குடி அது இன்னும்? மாசா மாசம் அவதி. எனக்கு எடுத்தாங்க, நான் செத்தா பூட்டேன்?"

"உனக்கு வேற, எனக்கு வேறக்கா."

"இன்னா வேற?" கை நின்றது. "பிரான்ஸ் போயிட்டா வயிறு வேறயா பூடுமா? எனக்கு எடுத்தது தப்புன்னு சொல்றியா இப்ப?"

அப்படி நான் நினைக்கவே இல்லை. ஆனால் நான் கேட்டதற்கு அந்த அர்த்தமும் இருந்தது என்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் செலினிடம் கொடுத்தனுப்பினாள்.

வாசலுக்கு வந்து நின்றேன். எதிரே மைதானத்தில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் சைக்கிள் பழகிய மைதானம். இருபதடி நடந்தால் தலை சுற்றியது. எங்கே போவதானாலும் கூட ஒரு ஆள் வேண்டும்.

5

சிதம்பரத்தில் என் பள்ளித் தோழி பர்வீன் இருந்தாள். போனில் அழுதுவிட்டேன். அவள் ஒரு டாக்டரின் விலாசம் கொடுத்தாள். "நம்ம வயசுதான் அவுங்களுக்கு. போயிக் கேட்டுப் பாரு. கேட்டதுக்கா அறுத்துடப் போறாங்க?" என்றாள்.

பர்வீனைப் பார்க்கப் போகிறோம் என்று அக்காவைக் கிளப்பினேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. செம்மங்குப்பத்தைத் தாண்டும்போது மாமாவின் சட்டை வாசனை பஸ் முழுக்க அடித்தது. அந்த இடத்தில்தான் உண்மையைச் சொன்னேன். அக்கா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"எறங்கிப் போயிடலாம்னு இருக்குது. உன்னத் தனியா வுட்டுட்டு எப்பிடிப் போறது," என்றாள்.

டாக்டர் மெலிந்த பெண்மணி. படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எத்தன குழந்தைங்க? இன்னும் வேணும்னு இருக்கா?"

"அவளுக்கு ஒரே பொண்ணு..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அவுங்க சொல்லட்டும்மா."

தமிழில்தான் கேள்வி. எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. அப்படியும் வாய் வரவில்லை. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"இன்னொண்ணு வேணும்னு இருக்கு," என்றேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

டாக்டர் தன் கையை மடக்கி முஷ்டியைக் காட்டினார். "இதுதான் கர்ப்பப்பைன்னு வச்சுக்குங்க. உங்களுக்கு ரெண்டு கட்டி. ஒண்ணு உள்ள குழிவுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கு. ரத்தம் ஜாஸ்தி போறது அதனாலதான். இன்னொண்ணு சுவத்துல. உள்ள இருக்கறத கீழ்வழியாவே கேமரா வுட்டு எடுத்துடலாம், மேல ஒரு கீறல் கூட இருக்காது. சுவத்துல இருக்கறத வயித்துல சின்னதா ரெண்டு மூணு ஓட்ட போட்டு எடுத்துட்டு, உள்ளயே தையல் போட்டுடுவாங்க. பை அப்படியே இருக்கும்."

"அங்க ஒரு டாக்டர், ரத்தக்குழாய அடைக்கறதுன்னு சொன்னாராம்," என்றேன். செலின் பிறகொரு நாள் சொன்னது.

"அதுவும் நல்ல வைத்தியம்தான். தொடை வழியா மெல்லிசா ஒரு குழாய் வுட்டு, கட்டிக்குப் போற ரத்தத்த நிறுத்திடுவாங்க. கட்டி தானா சுருங்கும். ஆனா குழந்த வேணும்ங்கறவங்களுக்கு அத மொதல்ல சொல்லமாட்டோம். எடுத்துடறதும் தப்பான வைத்தியம் இல்ல. அதுதான் வேணும்னு கேட்டு வர்றவங்க இருக்காங்க. உங்களுக்கு இன்னா வேணுங்கறதப் பொறுத்து." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லிடறேன். கட்டி மறுபடி வரலாம். பைய வச்சுக்கிட்டா குழந்த வந்துடும்னும் நான் சொல்லமாட்டேன். உங்க வயசுக்குக் கஷ்டம்தான். மொதல்ல ரத்தத்த ஏத்துங்க. உங்க ஊர்லயே இதெல்லாம் நல்லாப் பண்ணுவாங்க, போயிக் கேளுங்க."

நான் எழுந்தேன். அக்கா எழவில்லை.

"டாக்டர், பன்னண்டு வருஷத்துக்கு முன்னால இதெல்லாம் இருந்துச்சா?"

டாக்டருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "இங்க இல்லம்மா. பெரிய ஊர்ல சில எடத்துல இருந்துருக்கும்," என்றார். "உங்களுக்கு அப்ப வயசு இன்னா?"

"முப்பத்தி நாலு."



பர்வீன் வீட்டுக்குப் போகவில்லை. கீழ வீதியில் ஒரு ஓட்டலில் காபி குடித்தோம். திரும்பும் பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டிய பிறகுதான் அக்கா பேசினாள்.

"எனக்குப் பொண்ணு ஒண்ணு வேணும்னு இருந்துச்சுடி."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

6

மாமா அன்று காலை ஷிப்ட். நாங்கள் போனபோது வீட்டில் இருந்தார்.

"அவ இங்க பண்ணிக்கல," என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றியபடியே.

"யாரு சொன்னது?"

"அவதான் சொன்னா. நானுந்தான் சொல்றேன்."

"ரத்தம் குடுக்க ஆளுங்களுக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன் மேரி. டாக்டர் இன்னா நெனைப்பாங்க?"

"நெனைச்சிட்டுப் போவட்டும். அவளுக்கு இன்னொரு குழந்த வேணுமாம்."

மாமா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, "சரி. உங்க இஷ்டம்," என்று துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

செலின் உள்ளறைக் கதவருகே நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"உனக்கு இன்னொரு குழந்த வேணுமா?" என்றாள். "மா, உனக்கு ஞாபகம் இல்லியா? நான்தான் போன் பண்ணேன்."

அது 2004. குளியலறையில் விழுந்து கிடந்தேன். சேவியர் வேலையில். ஆம்புலன்ஸை அழைக்க எனக்கு மொழி தெரியாது. ஒன்பது வயதுச் செலின் போனை எடுத்து எங்கள் விலாசத்தைச் சொன்னாள். அவ்வளவு எனக்கு நினைவிருந்தது.

"உன்னத் தூக்கிட்டுப் போனதுக்கப்புறம் நான்தான் தொடச்சேன். எல்லாத் துண்டாலயும். அப்பா பாத்தா பயப்படுவாருன்னு மெஷின்ல போட்டேன். அதுல கட்டிகட்டியா இருந்துச்சு. நீ செத்துட்டன்னு நெனச்சேன்." அவளுடைய தமிழ் உடைந்து பாதி பிரெஞ்சானது. "அதான் அந்த டாக்டர்கிட்ட இல்லன்னு சொன்னேன். மறுபடி கேட்டாலும் சொல்வேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பியபோது குளியலறை பளிச்சென்று இருந்தது. சேவியர் கழுவியிருக்கிறார் என்று நாலு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போனாள்.

அக்கா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "உங்கம்மா எங்கயும் போவமாட்டா கண்ணு," என்றாள். நான் அங்கேயே நின்றேன். சிதம்பரத்தில் அந்த அறையில் சொன்னதை என் மகள் முன்னால் என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

7

செப்டம்பரில் திரும்பினோம். இரும்புச்சத்து மாத்திரையும் ஊசியுமாக இரண்டு மாதம் போனது. சேவியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த மனிதர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

மாலை வகுப்பு ஆசிரியையிடம் உட்கார்ந்து வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்தேன். தட்டு கழுவும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டரிடம் போன அன்று செலின் கூடவே வந்தாள், அறைக்குள்ளும் வந்தாள். நான் அவளை வெளியே இருக்கச் சொல்லவில்லை. அவளும் கேட்க வேண்டியதுதான்.

"பையை எடுக்க வேண்டாம். குழந்தை வந்தால் எனக்குச் சந்தோஷம். வராவிட்டால் பரவாயில்லை. என் மகளுக்குப் பயமாக இருக்கிறது, அவளுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்." இவ்வளவுதான் நான் பேசியது. ஆண்பால் பெண்பால் எல்லாம் தப்பாகப் போட்டிருப்பேன். டாக்டர் நாற்காலியைச் செலின் பக்கம் திருப்பி, அவளுடைய கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அவள் நிறையக் கேட்டாள்.

சிதம்பரம் டாக்டர் சொன்ன மாதிரியேதான் செய்தார்கள். உள்ளே இருந்ததைக் கீழ்வழியாகவும், சுவரில் இருந்ததை வயிற்றில் மூன்று சிறு துளைகள் போட்டும் எடுத்தார்கள். நாலாம் நாள் சமையலறையில் நின்று ரசம் வைத்தேன். மாதாமாதம் வந்த அவதி குறைந்தது. குளிரில் வரிசையில் நின்றாலும் பயமில்லை.

குழந்தை வரவில்லை. மூன்று வருடம் பார்த்தோம். பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. போன வார ஸ்கேனில் சின்னதாக ஒன்று மறுபடி முளைத்திருப்பது தெரிந்தது. இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். செலினுக்குப் பதினேழு வயது. படிக்க வேறு ஊருக்குப் போகிறேன் என்கிறாள். போனில் நண்பர்களோடு பேசும்போது அவள் சிரிப்பதுகூட வேறு மாதிரி இருக்கிறது. என் உடம்பைப் பற்றி இப்போது அவள் எதுவும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

8

2010 கோடையில் கடலூர் போயிருந்தேன். ஒரு மத்தியானம், மாமா வேலைக்குப் போயிருந்தார். மின்விசிறி ஓடவில்லை. அக்காவும் நானும் உள்ளறையில் தரையில் படுத்திருந்தோம்.

"தழும்பு எங்கடி?" என்றாள்.

புடவையை விலக்கிக் காட்டினேன். தொப்புளுக்குள் ஒன்று மறைந்திருந்தது. மற்ற இரண்டையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

எழுந்து உட்கார்ந்தாள். தன் புடவைக் கொசுவத்தைத் தளர்த்திக் காட்டினாள். தொப்புளுக்குக் கீழே நேராக ஒரு கோடு, என் உள்ளங்கை நீளத்துக்கு மேல். இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். இத்தனை வருடத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"இத நானே சரியாப் பாத்ததில்ல," என்றாள். "குளிக்கும்போது கூட நிமிந்துதான் குளிப்பேன்."

கையை அந்தக் கோட்டின்மேல் வைத்தேன். அவள் தடுக்கவில்லை. தோல் அந்த இடத்தில் மட்டும் வழவழப்பாக, குளிர்ச்சியாக இருந்தது.

வெளியே மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டது. அக்கா கொசுவத்தை இறுக்கிச் செருகிக்கொண்டு, அவருக்குச் சோறு போட எழுந்து போனாள்.